சிம்சோனுக்கு அளந்த சோறு

எனக்கு நாயைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, இந்த லீலாபாய் ஒரு நாய்ப்பைத்தியம் என்று நினைத்துக்கொள்வீர்கள். என் வீட்டுக்காரர் ரசலையன், கீரிப்பாறை மலையிலிருந்து ரப்பர் ஷீட் ஏற்றி வருகிற லாரிக்கு டிரைவர். ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அஞ்சுகிராமத்தில் எங்கள் வீட்டு முன்னால் லாரியை நிறுத்தி ஒரு கோழிக்கூடையை இறக்கினார். கோழி என்று ஆசையாக மூடியைத் திறந்தால் உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு நாய்க்குட்டி. பாதம் ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அகலம் இருந்தது.

"எஸ்டேட் துரை சீமைக்குப் போறாரு. ரெண்டு குட்டி மிச்சம் கெடந்து. ஒண்ணு ரப்பர் பால்வெட்டுக்காரன் பொன்னுலிங்கத்துக்கு, ஒண்ணு நமக்கு" என்றார்.

"நமக்கா? நான் கேட்டேனா?"

"கன்னுக்குட்டி ஒயரத்துக்கு வளருமாம் லீலா. கிரேட் டேன் சாதியாம்."

எங்கள் தெருவில் யார் வாயிலும் அந்தப் பெயர் நுழையவில்லை. துரைநாய் என்றே சொன்னார்கள். நான் சிம்சோன் என்று பெயர் வைத்தேன். வேதாகமத்தில் அவனைவிடப் பலசாலி கிடையாது. எங்கள் சபை உபதேசியார் மட்டும் முகத்தைச் சுளித்தார். தாவீது என்று வைத்திருந்தால் நீர் சுளிக்கலாம், சிம்சோன் ஒன்றும் அவ்வளவு யோக்கியன் இல்லையே என்று சொல்லிவிட்டேன்.

அது அரிசிக் கட்டுப்பாடு நீங்கிய வருஷம். யுத்த காலம் தொட்டு அதுவரைக்கும் அவுன்ஸ் கணக்கில் அரிசி வாங்கி, மீதி வயிற்றை மரச்சீனிக் கிழங்கால் நிரப்பித்தான் காலம் தள்ளினோம். கஞ்சியை அகப்பைக் கணக்கில்தான் ஊற்றுவேன். என் சின்னவன் வட்டிலை வழித்து நக்கிவிட்டு என் கையையே பார்ப்பான். "அவ்வளவுதான் மக்கா" என்று சொல்லிச் சொல்லி என் நாக்கே கசந்துபோயிருந்தது. கடையில் கேட்ட அளவு அரிசி கிடைக்கும் என்று ஆன அன்றைக்கு நான் முழங்கால்படியிட்டு ஒரு பொருத்தனை பண்ணினேன். இனி என் வீட்டில் எந்த வாய்க்கும் அளந்து வைக்கமாட்டேன் என்று ஆண்டவரிடம் சொன்னேன். ஆனால் பையன்கள் இரண்டுபேரும் அதற்குள் வளர்ந்து, நாகர்கோவிலில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கப் போய்விட்டார்கள். வீட்டில் மிஞ்சியது நானும் அவரும்தான். அவரோ வயிற்றுக்கோளாறுக்காரர், இரண்டு கவளத்தில் எழுந்துவிடுவார். பொருத்தனை நிறைவேற வழியில்லாமல் கிடந்தபோதுதான் கூடைக்குள்ளிருந்து சிம்சோன் வந்தது.

அதற்குப் பசி என்றால் அப்படி ஒரு பசி. வைக்க வைக்கத் தின்றது. எங்கள் சபையில் பெண்கள் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைப்போம். பிடியரிசி என்று பெயர், வாரக் கடைசியில் கோயிலுக்குப் போகும். நான் சபைக்கு எடுத்த கையோடு சிம்சோனுக்கும் ஒரு பிடி எடுக்க ஆரம்பித்தேன். அது தெருவுக்கே தொற்றிக்கொண்டது. எல்லோருமே அவுன்ஸ் அரிசிக்கு வரிசையில் நின்றவர்கள், எல்லோர் கையும் கொடுக்கத் துடித்துக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு இசபெல் மீன்குழம்பைப் பிசைந்து வைப்பாள். மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டுப் பகவதியக்கா சுத்த சைவம். அவள் தயிர்ச்சோற்றை உருட்டி உருட்டி மதில்மேல் வைப்பாள். நான் நடுவில் ஆட்டிறைச்சியும் பாலும். "வளத்தின்னா இதாக்கும் வளத்தி" என்று போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று சொல்வார்கள். எனக்குப் பெருமை தாங்காது.

ஐப்பசி மழையில்தான் கவனித்தேன். முன்னங்கால் இரண்டும் வெளிப்பக்கமாக வளைந்திருந்தன. பாதத்துக்கு மேலே முடிச்சு முடிச்சாக வீக்கம். எழுந்திருக்க முனகியது, படியேறப் பயந்தது. மாட்டு வைத்தியரைக் கூட்டிவந்தோம். அவர் கால்களைத் தடவிப் பார்த்துவிட்டு, "எலும்புல சத்து பத்தாது" என்றார். அவரைக் குறை சொல்லமாட்டேன், வளைந்த காலைப் பார்த்தால் யாரும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் அந்த வார்த்தை தெரு முழுக்கப் பரவிவிட்டது. பிறகு கேட்கவேண்டுமா?

பகவதியக்கா சிப்பிச் சுண்ணாம்பைக் கரைத்து, தெளிந்த நீரைப் பாலில் கலந்து ஊற்றினாள். அவளுடைய அண்ணன் பிள்ளைகளுக்குப் பல் முளைக்கும்போது அதைத்தான் கொடுத்தார்களாம். இசபெல் கடற்கரையில் சொல்லிவைத்து சுறா ஈரல் எண்ணெய் வாங்கிவந்து கரண்டி கரண்டியாகப் புகட்டினாள். நான் ஆட்டெலும்பை இடித்து சூப்பு வைத்தேன். ஒருத்தி கொடுத்தது மற்றவளுக்குத் தெரியாது. அத்தனையும் அன்பில் செய்ததுதான். கார்த்திகை பிறந்தபோது சிம்சோனால் எழுந்து நிற்கவே முடியவில்லை. வயிற்றால் இழைந்து வட்டிலுக்கு வரும், படுத்தபடியே தின்னும். தின்பது மட்டும் குறையவில்லை.

ஒரு சனிக்கிழமை என் வீட்டுக்காரர் அதன் பக்கத்தில் குந்தியிருந்து வெகுநேரம் பார்த்தார்.

"எஸ்டேட் வாச்சர்ட்ட தோக்கு இருக்கு. ஒரே வெடி, வலி தெரியாது. இத இப்படி இழைய விடப்பிடாது லீலா" என்றார்.

நான் எதிர்த்துப் பேசவில்லை. அவரோடு எதற்கெல்லாமோ சண்டை போட்டிருக்கிறேன், ஆனால் அது முனகுவதை இரண்டுபேரும்தானே கேட்டுக்கொண்டிருந்தோம். "நானும் வருவேன்" என்றேன். "கடைசி மட்டும் அது என் கைய மோந்துட்டு கெடக்கட்டும்."

திங்கட்கிழமை காலை சிம்சோனைச் சாக்கில் கிடத்தி லாரியில் ஏற்றினோம். தெருவே வழியனுப்ப வந்தது, வெறுங்கையோடு வரவில்லை. பகவதியக்கா ஒரு தூக்குவாளி நிறையப் பால்பாயசம் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "வழியில குடு. வயறு நெறஞ்சு போட்டும் பாவம்" என்று சொல்லும்போதே அவள் அழுதுவிட்டாள். கீரிப்பாறை போய்ச் சேரும்வரை நான் அந்தத் தூக்குவாளியைத் திறக்கவில்லை.

வாச்சர் மேல்காட்டுக்குப் போயிருந்தார், மதியம்தான் வருவார் என்றார்கள். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்தில், பொன்னுலிங்கம் வீட்டு வாசலில் காத்திருந்தோம். பொன்னுலிங்கத்தின் மனைவி இசக்கி ரப்பர் பால் வாளியை இறக்கிவைத்துவிட்டுக் பால் விடாத கட்டன்சாயா போட்டுத் தந்தாள். அப்போது மேட்டிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒன்று இறங்கி ஓடிவந்தது. நடுவில் ஓர் ஓடை, அதை ஒரே தாவில் தாண்டியது. நான் சாயாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றேன்.

துரை கொடுத்த இன்னொரு குட்டி அது. எங்கள் சிம்சோனில் முக்கால்வாசிதான் இருக்கும். விலா எலும்பை எண்ணிவிடலாம். ஆனால் கால்கள்! கமுகங்கம்பு நட்டுவைத்த மாதிரி நேராக நின்றன.

இசக்கி அதை அவசரமாகத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளினாள். "பாக்காதிய எக்கா. மெலிஞ்சு கெடக்கு. துரை வீட்டு நாய வாங்கிவெச்சு இப்படி ஆக்கிட்டாளேன்னு லயத்துல பேசுதாவ."

"இதுக்கு என்னத்தட்டி குடுக்க நீ?"

நான் குற்றம் கேட்பதாக நினைத்துக்கொண்டாள். முகம் சிறுத்துவிட்டது. "பிள்ளையளுக்கு ஊத்துத கஞ்சியில அதுக்கும் ஒரு பங்கு. காலம்பர, சாயங்காலம். சந்த அன்னைக்கு மீன்தல வேவிச்சுப் போடுவேன். பாலுக்கும் எறச்சிக்கும் நாங்க எங்க எக்கா போவோம்? அது பின்னயும் பின்னயும் கேட்டுட்டு நிக்கும். இல்லன்னா இல்லதானே?"

நான் சிம்சோனைப் பார்த்தேன், அதைப் பார்த்தேன். அதே தாய், அதே ஈற்று. ஒன்று ஓடுகிறது, ஒன்று கிடக்கிறது. நடுவில் வித்தியாசம் சோறு ஒன்றுதான். எரு மிஞ்சின வயலில் நெல் சடசடவென்று வளர்ந்து, தன் பாரம் தாங்காமல் சாய்வதை நாஞ்சில் நாட்டில் பார்க்காத கண் உண்டா? அந்தக் குட்டிக்கு எலும்பு தாங்குகிற அளவுக்கே உடம்பு வந்திருந்தது. எங்கள் குட்டிக்கு எலும்பு முற்றுமுன்னே தெருவெல்லாம் சேர்ந்து உடம்பை ஏற்றிவிட்டோம். போதாததற்கு சுண்ணாம்பு, எண்ணெய், எலும்புச் சூப்பு. சத்து பத்தாமல் இல்லை, சத்து தாங்காமல்தான் அது விழுந்துகிடந்தது.

"லாரியைத் திருப்புங்க" என்றேன்.

"வாச்சர் இப்ப வந்துருவாரு லீலா."

"வந்தா ஒரு சாயா வாங்கிக் குடுத்து அனுப்புங்க."

அவரும் அந்த இரண்டு நாய்களையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "கிறிஸ்மஸ் மட்டும் பாப்போம். அதுக்குள்ள தானா எழும்பி நிக்கல்லன்னா நீ தடுக்கப்பிடாது" என்றார். நான் சரி என்றேன். இசக்கியின் பிள்ளைகள் மூன்றுபேரும் கதவைப் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்தார்கள். அவர்கள் விலாவையும் எண்ணலாம்போல்தான் இருந்தது. திறக்காமல் வைத்திருந்த பாயசத்தை அவர்களிடம் கொடுத்துவிட்டு லாரியில் ஏறினேன். சிம்சோன் மூக்கைத் தூக்கி அந்த வாசனை போன திசையைப் பார்த்து முனகியது.

வீட்டுக்கு வந்ததும் பொருத்தனையை முறித்தேன். "ஆண்டவரே, இதுக்கு என்னை என்னவும் செய்யும், இதை மட்டும் எழுப்பிவிடும்" என்று சொல்லிவிட்டு அகப்பையைக் கையில் எடுத்தேன். முன்பு தின்றதில் பாதிதான். காலையில் குழைந்த சோறு, சாயங்காலம் சோற்றோடு முள்ளெடுத்த சாளை மீன் வேகவைத்தது. பாலும் சுண்ணாம்பும் எண்ணெயும் நின்றன. தினமும் விலாவில் கைவைத்துப் பார்ப்பேன், எலும்பு கையில் தட்டவேண்டும், அதுதான் எனக்கு அளவு. சொல்ல எளிது. வட்டிலை வழித்துவிட்டு அது என்னைப் பார்க்கும் பாருங்கள், என் சின்னவன் பார்த்த அதே பார்வை. நான் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விடுவேன்.

லீலாபாய்க்குக் கை சுருங்கிவிட்டது என்று தெருவில் பேசினார்கள். காரணத்தைச் சொன்னேன், தலையாட்டினார்கள், போடுவதை மட்டும் நிறுத்தவில்லை. ஒரு மத்தியானம் மதிலுக்கு மேலே ஒரு கை வந்தது. கையில் தயிர்ச்சோற்று உருண்டை.

"எக்கா! என்ன செய்யிய?"

"வாயில்லாச் சீவன் பசியில கத்துது. ஒனக்கு நெஞ்சு என்ன கல்லாட்டி?" என்றாள் பகவதியக்கா.

"கல்லாக்கிட்டுதான் நிக்கேன். நீங்க போடுத ஒவ்வொரு உருண்டையும் அந்தத் தோக்குல போடுத குண்டாக்கும். நீங்க அன்புல போடுதிய, வெடி இதுக்குல்லா விழும்!" சொல்லிவிட்டு நான் ஓவென்று அழுதுவிட்டேன். எனக்குக் கோபம் வந்தால் அழுகையும் கூடவே வந்துவிடும்.

கை உள்ளே போய்விட்டது. சாயங்காலம் பகவதியக்கா வாசல் வழியாகவே வந்தாள். "நான் என்ன செய்யணும்னு சொல்லு."

"ஒண்ணும் செய்யப்பிடாது எக்கா. அதுதான் வேண்டியது."

"அது கஷ்டமுல்லா?" என்றாள்.

கஷ்டம்தான், ஆனால் செய்தாள். அதன் கண்ணில் படக்கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளறையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். அதோடு விடவில்லை, வீடுவீடாகப் போய், சிம்சோனுக்கு யாராவது ஒரு பருக்கை போட்டால் சும்மா விடமாட்டேன் என்று மிரட்டிவிட்டு வந்தாள். இசபெல் கையிலிருந்து மீன்தலையைப் பிடுங்கிய கதையும் உண்டு, சைவக்காரி கையால்! திருடன் கையில் சாவியைக் கொடுத்து நன்மை விளைந்தது அந்த ஒரு தடவையாகத்தான் இருக்கும்.

மார்கழி பிறந்தது. உடம்பு வடிந்தது, வீக்கம் கொஞ்சம் இறங்கியதுபோல் இருந்தது, ஆனால் அது எழவில்லை. தெருவில் கிறிஸ்மஸுக்கு வெள்ளையடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒவ்வொரு வீட்டுச் சுவரும் வெளுக்க வெளுக்க நான் விரலை மடக்கி நாளை எண்ணினேன். ஒரு காலையில் நான் கொல்லையில் உட்கார்ந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். சிம்சோன் எனக்குப் பின்னால் கிடந்தது. காகம் ஒன்று வந்து குடலைக் கொத்தப் பார்த்தது. நான் அரிவாளை ஓங்கிக் காகத்தை விரட்டுகிறேன், மதிலுக்கு மேலிருந்து ஒரு கூச்சல்.

"லீலா! பொறத்த பாரு! நிக்குதுட்டி, நாலு காலுலயும் நிக்குது!"

திரும்பினேன். நடுங்கிக்கொண்டு, தலையைத் தாழ்த்திக்கொண்டு, காகத்தைப் பார்த்து ஒரு குரைப்பு குரைத்துவிட்டு நின்றது. யாரும் தூக்கிவிடவில்லை. நான் மீன் செதில் ஒட்டிய கைகளைக் கூப்பினேன். ஆண்டவருக்கு நன்றி சொன்னேன், பகவதியக்காவுக்கு நன்றி சொன்னேன், அந்தக் காகத்துக்கும் சொன்னேன். சனிக்கிழமை அவர் லாரியை நிறுத்தியபோது சிம்சோன் வாசல்வரை தானே நடந்துபோய் நின்றது. அவர் இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கொஞ்சநேரம் இருந்தார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டுத்தான் இறங்கினார்.

பைய பைய வளர்ந்தது. இடது முன்னங்கால் மட்டும் கொஞ்சம் வெளியே திரும்பியபடியே நின்றுவிட்டது, ஓடும்போது தெரியாது. ஈஸ்டர் கழிந்ததும் இசக்கியைப் பார்க்கப் போகவேண்டும் என்று நான் கிளம்பினேன். பகவதியக்கா ஒரு சிறு சாக்கை எடுத்துவந்து வைத்தாள். தெரு முழுக்கச் சிம்சோனுக்கென்று எடுத்த பிடியரிசி.

"எடுத்துப் பழகின கை நிக்கமாட்டேங்குது. அந்த மலைக்காரிக்குக் கொண்டுகுடு" என்றாள்.

சமைத்து எடுத்துப் போனால் தர்மம் போல இருக்கும். அவள் அடுப்பில் அவளோடு சேர்ந்து சமைத்தால் விருந்து. அதனால் அரிசியும் ஆட்டிறைச்சியும் தேங்காயும் பச்சையாகவே கொண்டுபோனேன். லாரி நின்ற இடத்திலிருந்து லயத்துக்கு நல்ல ஏற்றம். சிம்சோன் எனக்கு முன்னால் ஏறிப்போய், நான் மூச்சுவாங்கி வந்து சேருவதற்குள் தன் கூடப்பிறந்ததோடு மேட்டில் உருண்டுகொண்டிருந்தது.

வந்த காரியத்தைச் சொன்னதும் இசக்கி சிரித்துவிட்டாள். "நான் என்ன செஞ்சேன் எக்கா? இருந்தா நானும் ஒங்கள மாதிரி கொட்டிக் குடுத்திருப்பேன். இல்லாததுக்கு ஒரு நன்றியா?"

இல்லாமைக்கு நன்றி சொல்ல எனக்கு நாக்கு எழாது. அது பாவம். "இல்லாததுக்கு இல்லட்டி" என்றேன். "இருந்ததுல அதுக்கும் ஒரு பங்கு வெச்சியே, அதுக்கு. பிள்ளையள் கஞ்சிய அதுக்கும் பங்குபோட்டு வளத்த. அதக் கண்ணால பாக்கல்லன்னா என் நாயக் குழியில வெச்சிட்டுல்லா போயிருப்பேன்?"

இசக்கி குனிந்து தேங்காயைத் திருவ ஆரம்பித்தாள். திருவிக்கொண்டே, "ஒங்க கொழம்புக்கு நல்லமிளகு கூட வேணுமா?" என்று கேட்டாள். நாங்கள் அடுப்பைச் சுற்றி ஊர்க்கதை பேசிக்கொண்டே சமைத்தோம்.

நாய்கள் இரண்டுக்கும் முதலில் அவற்றின் பங்கை வைத்துவிட்டு, பிள்ளைகளை இலைபோட்டு உட்காரவைத்தேன். நானே விளம்பினேன். மூன்றுபேரும் பேசாமல், வேகமாகத் தின்றார்கள். இலை காலியானதும் கேட்கத் தெரியாமல் என் கையைப் பார்த்தார்கள். மறுபடி வைத்தேன். மறுபடியும் பார்த்தார்கள், மறுபடியும் வைத்தேன். கடைசியில் சின்னப்பெண் இரண்டு கையையும் இலைமேல் விரித்து மறைத்துக்கொண்டாள்.

"போதும் அத்தே. எடமில்ல."

அவுன்ஸ் காலத்தில் என் பிள்ளைகள் ஒருநாளும் இந்த வார்த்தையைச் சொன்னதில்லை, அவர்கள் சொல்லுமுன் பானை சொல்லிவிடும். நாய்க்கு இதைச் சொல்லத் தெரியாது, அதற்காக நாம்தான் சொல்லவேண்டும். ஒரு பிள்ளை தன் வாயால் சொல்லிக் கேட்கத்தான் நான் அன்றைக்குப் பொருத்தனை பண்ணியிருக்கிறேன். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று வாய்விட்டே சொன்னேன்.

"என்ன எக்கா, அழுதிய?" என்றாள் இசக்கி.

"பானைக்குள்ள பாரு. மிச்சம் கெடக்கு."

எட்டிப் பார்த்தாள். பாதிப் பானை சோறு இருந்தது. வாசலில் இரண்டு நாயும் எச்சில் வடிய உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன.

"இந்தச் சவங்களுக்குப் போட்டுரவா எக்கா? என்ன பார்வ பாக்குது பாருங்க."

நான் பானையை மூடினேன். "வேண்டாம். அதுக தின்னாச்சு. ராத்திரிக்குப் பிள்ளையளுக்கு எடுத்து வை."